டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உடல் இயக்கத்திறனுக்கு அக்குபஞ்சர்: படிப்படியான முழு வழிகாட்டி

ஹீமோடயாலிசிஸில் (ரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் முறை) இருப்பவர்களுக்கு அக்குபஞ்சர் செய்யத் தொடங்கும் சிகிச்சையாளர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து பணியாற்றும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நோயாளியும் குடும்பத்தாரும் படித்தால், தங்களுக்குச் செய்யப்படுவது முறைப்படி நடக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள உதவும்.

வேலையின் வரிசை இது: சிறுநீரக மருத்துவரின் அனுமதி, தகுதி பார்த்தல், முதல் அளவீடு, நாள் குறித்தல், ஊசி, ஊசிக்குப் பின் அசைவுப் பயிற்சி, மறு அளவீடு, தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஊசியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பாதுகாப்பும் கேள்விக்குறியாகும். ஆறு வாரம் கழித்துப் பலன் இருந்ததா என்று கேட்டால் சொல்லப் பதிலும் இருக்காது.

1. எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் பேசிவிடுங்கள்

டயாலிசிஸில் இருப்பவருக்கு நடை தளர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. தசை கரைகிறது, ரத்தசோகை இருக்கிறது, காலில் தசைப்பிடிப்பும் நரம்பு பாதிப்பும் இருக்கின்றன, இரவில் கால் அமைதியற்று இருப்பதால் தூக்கம் கெடுகிறது, டயாலிசிஸ் முடிந்த அன்று எழுந்திருக்கவே முடியாத அசதி வருகிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேர அளவில் அசையாமல் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

அக்குபஞ்சர் இவற்றில் சிலவற்றைத்தான் தொட முடியும். வலி, அசதி, தூக்கக்கேடு ஆகியவை குறைந்தால் அவர் கூடுதலாக நடப்பார்; நடந்தால்தான் தசை வலுப்பெறும். ஊசியே தசையை உருவாக்கும் என்று சொல்லிவிடாதீர்கள்.

சான்றுகளின் நிலையையும் நோயாளிக்கு நேர்மையாகச் சொல்லவேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோயின் தொல்லைகளுக்கு அக்குபஞ்சரும் அதைச் சார்ந்த முறைகளும் எவ்வளவு உதவுகின்றன என்று 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) திறனாய்வு, அசதி, தூக்கக்கேடு, மனச்சோர்வு, அரிப்பு ஆகியவற்றுக்குக் கையால் அழுத்தும் அக்குபிரஷர் குறுகிய காலத்துக்கு உதவக்கூடும் என்றும், ஆனால் அந்தச் சான்றின் தரம் மிகக் குறைவு என்றும் முடிவுசெய்தது. அதன்பின் வந்த சிறிய ஆய்வுகளில் நடைதூரமும், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் எண்ணிக்கையும் கூடியதாகப் பதிவாகியிருக்கிறது. பங்கேற்றவர்கள் குறைவு, பின்தொடர்ந்த காலமும் குறுகியது. எனவே இதை முயன்று பார்க்கத்தக்க துணைச் சிகிச்சை என்று சொல்லலாம். அதற்குமேல் வாக்குக் கொடுக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் முதல் நாளே அழுத்தமாகச் சொல்லுங்கள். ஊசி ரத்தத்தைச் சுத்திகரிக்காது. உடம்பு தேறியது போலத் தோன்றினாலும் டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவறக்கூடாது, நேரத்தையும் குறைக்கக்கூடாது, மாத்திரை எதையும் தாமாக நிறுத்தக்கூடாது.

2. சிறுநீரக மருத்துவரிடமிருந்து எழுத்தில் பெறவேண்டியவை

“அனுமதி உண்டு” என்ற ஒற்றை வரி போதாது. கீழ்க்கண்ட தகவல்கள் கையில் இல்லாமல் முதல் ஊசியைத் திறக்காதீர்கள்.

டயாலிசிஸ் எந்தக் கிழமைகளில், எந்த நேரத்தில் நடக்கிறது. எந்த வகை ஹெப்பாரின் (டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து), எந்த நேரத்தில் கொடுக்கப்படுகிறது. வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் உண்டா. வார்ஃபரின் உண்டென்றால் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு. அடுத்து, தட்டணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், உலர் எடை (தேங்கிய நீர் நீங்கியபின் இருக்கவேண்டிய எடை), டயாலிசிஸின் போதுமைக்கான கேடி/வி எண். பேஸ்மேக்கர் அல்லது இதயத்துடிப்பைச் சீராக்கும் வேறு கருவி, செயற்கை இதய வால்வு, ஹெப்படைடிஸ் பி, சி நிலை ஆகியவையும் வேண்டும்.

ரத்தம் எடுக்கும் வழி எங்கே இருக்கிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். இப்போது இயங்கும் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் நேரே இணைத்த வழி) அல்லது கிராஃப்ட் (அவற்றை இணைக்கும் செயற்கைக் குழாய்) எந்தக் கையில் என்று கேட்டதோடு நின்றுவிடுவது வழக்கமான பிழை. முன்பு செய்து அடைபட்ட ஃபிஸ்டுலா உண்டா, கழுத்தில் கத்தீட்டர் (டயாலிசிஸுக்கான குழாய்) வைத்திருப்பவருக்கு இனி எந்தக் கையில் ஃபிஸ்டுலா செய்யத் திட்டம், தொடையில் கிராஃப்ட் உண்டா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளை ஃபிஸ்டுலா செய்யவிருக்கும் கையின் ரத்தநாளங்களைக் காப்பதும் உங்கள் பொறுப்புதான்.

தட்டணு எண்ணிக்கை இயல்பாக இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடக்கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. ஆகவே அறிக்கையில் எண் சரியாக இருந்தும் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். “பல் பிடுங்கியபோது நெடுநேரம் கசிந்ததா? டயாலிசிஸ் ஊசியை எடுத்தபின் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறார்கள்?” என்ற இரண்டு கேள்விகள் அந்த எண்ணைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

3. யாரைத் தவிர்க்கவேண்டும், யாரை ஒத்திவைக்கவேண்டும்

தட்டணுக்கள் 50,000க்குக் கீழே இருப்பவர், ஐ.என்.ஆர். குறித்த எல்லைக்கு மேல் போனவர், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ உள்ளவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், நிலைகொள்ளாத நெஞ்சுவலி உள்ளவர், தோலில் கால்சிஃபிலாக்சிஸ் (சிறு ரத்தநாளங்களில் சுண்ணம் படிந்து அடைபடும் நோய்) புண் உள்ளவர் ஆகியோருக்கு ஊசி வேண்டாம். கத்தீட்டர் வைத்தவருக்குக் குளிர் நடுக்கம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின் அக்குபஞ்சர் (ஊசிகளில் மின்சாரம் செலுத்துவது) கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கு மாக்ஸா சூடு (மூலிகையை எரித்துப் புள்ளிகளில் கொடுக்கும் சூடு) கூடாது. சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும், அந்தப் புண் எளிதில் ஆறாது. கப்பிங் (கிண்ணங்களால் தோலை உறிஞ்சி இழுப்பது) யாருக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. மெலிந்த தோலும் ஹெப்பாரினும் சேர்ந்த உடம்பில் அது பெரிய ரத்தக்கட்டாக முடிகிறது. தோலிலேயே விட்டுவைக்கும் சிறு ஊசிகளையும், தொற்றுக்கு வழி என்பதால், நான் பரிந்துரைப்பதில்லை.

4. முதல் அளவீடு: இதைச் செய்யாமல் ஊசி கிடையாது

“இப்போது பரவாயில்லை” என்பது அளவீடு ஆகாது. இவர்களுக்கு ஒவ்வொரு நாளும் உடம்பு வேறு விதமாக இருக்கும். டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில் நடப்பவர், அடுத்த டயாலிசிஸுக்கு முந்தைய இரவில் படியேற முடியாமல் நிற்பார். அதனால் முதல் அளவீடும் மறு அளவீடும் டயாலிசிஸ் சுழற்சியின் ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரே காலணியோடு நடக்கவேண்டும். வார நடுவில், டயாலிசிஸ் இல்லாத நாளின் காலை நல்ல தேர்வு.

மூன்று அளவீடுகள் போதும்.

முதலாவது, ஆறு நிமிட நடை. தட்டையான, இடையூறில்லாத 30 மீட்டர் நடைவழி வேண்டும். அதைவிடக் குறுகிய இடமே இருந்தால் அதையும் குறித்துவைத்து, மறுமுறையும் அதே இடத்தில் நடக்கச் செய்யுங்கள். திரும்பும் எண்ணிக்கை கூடக் கூடத் தூரம் குறையும். நடப்பவர் தம் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம், மீண்டும் தொடரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. பக்கத்திலேயே நடந்து வேகத்தைத் தூண்டிவிடாதீர்கள், இது புதியவர்கள் அன்பினால் செய்யும் பிழை. ஓய்வில் நாடித்துடிப்பு 120க்கு மேலோ, ரத்த அழுத்தம் 180/100க்கு மேலோ இருந்தால் அன்றைக்கு நடையைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது, 60 விநாடியில் எத்தனை முறை எழுந்து அமர்கிறார் என்ற எண்ணிக்கை. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி, சுவரோடு ஒட்டியிருக்கவேண்டும். கைகள் மார்பின் குறுக்கே இருக்கவேண்டும். முழுதாக நிமிர்ந்து நின்றால்தான் ஒன்று. நாற்காலியின் உயரத்தைத் தாளில் எழுதுங்கள். சற்றே உயர்ந்த நாற்காலி எண்ணிக்கையைத் தானாகவே கூட்டிவிடும்.

மூன்றாவது, கைப்பிடி வலிமை. ஃபிஸ்டுலா இல்லாத கையில், முழங்கையை மடித்து, மூன்று முறை பிடிக்கச் சொல்லி, அவற்றில் அதிகமானதை எழுதுங்கள். 2019ஆம் ஆண்டின் ஆசிய வரையறையின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் பிடி வலிமை குன்றியதாகக் கொள்ளப்படும்.

எவ்வளவு மாறினால் மாற்றம் என்று ஏற்கலாம்? 2011இல் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்தச் சோதனைகளையே திரும்பச் செய்து பார்த்த ஓர் ஆய்வு, ஒருவரின் ஆறு நிமிட நடையில் ஏறத்தாழ 66 மீட்டர், 60 விநாடி எழுந்தமர்வில் 4 முறை, கைப்பிடியில் 3.4 கிலோ என்ற அளவுக்கு மேல் மாறினால்தான் அது அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டியது என்று கணித்தது. இந்த எண்களைத் தாளின் மேல் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். 20 மீட்டர் கூடியதைக் கண்டு மகிழ்ந்து சிகிச்சையை நீட்டிக்கும் சிகிச்சையாளர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நோயாளி அதற்கு நேரமும் பணமும் உடம்பும் கொடுக்கிறார்.

இவற்றோடு அன்றைய ஹீமோகுளோபின், உலர் எடை, புதிதாகச் சேர்த்த மருந்துகள், முந்தைய வாரத் தூக்கம், வலியின் அளவு பூஜ்யம் முதல் பத்துக்குள் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஹீமோகுளோபின் 8.5இலிருந்து 10.5க்கு ஏறினால் ஊசியே இல்லாமலும் நடை கூடும். ப்ரீகாபலின், காபாபென்டின் போன்றவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. இவர்களின் உடம்பில் தேங்கித் தலைச்சுற்றலையும் தள்ளாட்டத்தையும் தரும். அந்த மருந்தின் அளவைக் குறைத்த வாரத்தில் நடை தேறினால், அந்தப் பெருமை அக்குபஞ்சருக்குச் சேராது.

5. நாளையும் நேரத்தையும் குறித்தல்

இந்த ஒரு படியைத் தவறாகச் செய்தால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நான்கு வாய்ப்புகள் உண்டு.

டயாலிசிஸ் இல்லாத நாள் மிகச் சிறந்தது. முந்தைய நாளின் ஹெப்பாரின் நீங்கியிருக்கும், நீர்ச்சுமை இன்னும் ஏறியிருக்காது, அசதியும் தணிந்திருக்கும். தொடங்குபவர்கள் இந்த நாளை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டயாலிசிஸுக்குச் சற்று முன் செய்தால் ஹெப்பாரின் தொல்லை இல்லை; ஆனால் நீரும் பொட்டாசியமும் கூடியிருக்கும் வேளை அது. ஊசி குத்திய இடங்களுக்கு உடனே ஹெப்பாரின் கலந்த ரத்தம் பாயப்போகிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். குறிப்பாக வாரத்தின் நீண்ட இடைவெளி முடியும் நாளில் இதைத் தவிருங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் செய்பவருக்கு வெள்ளிக்குப் பின் திங்கள் வரை உள்ள இடைவெளியின் இறுதியில்தான் இதயத் தொல்லைகள் அதிகம் நிகழ்கின்றன.

டயாலிசிஸ் ஓடும்போதே ஊசி போட்ட ஆய்வுகள் உண்டு. நோயாளி எப்படியும் படுத்திருக்கிறார், தனியாக ஒரு பயணம் மிச்சம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும், பின்பாதியில் ரத்த அழுத்தம் இறங்கும். செவிலியர் பக்கத்தில் இருக்கும் பிரிவில், அனுபவமுள்ளவர், முதல் இரண்டு மணிநேரத்துக்குள், கால்களில் சில ஊசிகளோடு முடித்துக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் முடிந்தவுடன் வேண்டவே வேண்டாம். சாதாரண ஹெப்பாரின் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரத்தில் பாதியாகக் குறையும். மூலக்கூறு எடை குறைந்த வகை இவர்களிடம் இன்னும் நெடுநேரம் நிற்கும். ரத்த அழுத்தமும் தாழ்ந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டிய மனிதரை ஊசிக்காக உட்காரவைப்பது சரியல்ல.

அமர்வுகள் வாரம் இரண்டு, ஆறு வாரம் என்பது தொடங்க ஏற்ற அளவு.

6. அமர்வு நாளில் ஊசிக்கு முன் பார்க்கவேண்டியவை

ரத்த அழுத்தத்தை ஃபிஸ்டுலா இல்லாத கையில், உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பாருங்கள். மேல் எண் 100க்குக் கீழே அல்லது 180க்கு மேலே இருந்தால் அன்றைக்கு நான் ஊசி போடுவதில்லை. நிற்கும்போது 20 அளவுக்கு இறங்கினால், எழும்போது மயங்கி விழக்கூடியவர் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டீர்கள்.

நீரிழிவு உள்ளவர் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று கேட்டு, சர்க்கரையைப் பாருங்கள். சிறுநீரகம் இயங்காதவரின் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்குவதால் தாழ்சர்க்கரை எளிதாக வரும். கைவசம் குளுக்கோஸ் வைத்திருங்கள். பழச்சாறு கொடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்; அதில் பொட்டாசியம் உண்டு.

ஃபிஸ்டுலாவின் மேல் விரல் நுனிகளை மெல்ல வைத்து, உள்ளே ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று நோயாளியையே பார்க்கச் சொல்லுங்கள். ரீங்காரம் போன்ற அந்த அதிர்வு அமர்வுக்கு முன்னும் பின்னும் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஊசியை மறந்துவிட்டு டயாலிசிஸ் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். அடைப்பைச் சில மணிநேரத்துக்குள் கண்டால் மீட்க வாய்ப்பு அதிகம். பிறகு அந்தக் கையில் ஒரு வண்ணத் துணியைத் தளர்வாகப் போர்த்திவையுங்கள். இறுக்கிக் கட்டக்கூடாது. போர்த்தியிருக்கும் கை கண்ணில் பட்டாலே உதவியாளர்களும் அதைத் தொடமாட்டார்கள்.

பொருட்கள்: கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிகள், 0.20 முதல் 0.25 மி.மீ. தடிமன், 25 அல்லது 30 மி.மீ. நீளம், கையுறை, ஆல்கஹால் பஞ்சு, உலர்ந்த காஸ் துணி, ஊசிகளைப் போடும் கெட்டியான மூடிய பெட்டி. டயாலிசிஸ் ஊசி ஒன்றரை மி.மீ.க்கும் மேல் தடிமன் கொண்டது. அதை வாரம் மூன்று முறை தாங்குபவருக்கு உங்கள் ஊசி வலியாகத் தெரியாது என்பது உண்மைதான். அதனாலேயே சிகிச்சையாளர்கள் கவனக்குறைவாகிவிடுகிறார்கள். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியை நீங்கள் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

7. புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவர் கால்களோடு நின்றுகொள்ளட்டும். நடையும் எழுந்தமர்வும் கால்களின் வேலை. கைகளில் காக்கவேண்டிய ரத்தவழிகள் உள்ளன. “சிறுநீரகப் புள்ளி” என்பதற்காக இடுப்பின் பி.எல். 23ஐ (அக்குபஞ்சர் புள்ளிகளை இப்படி எழுத்தும் எண்ணுமாகக் குறிப்பது வழக்கம்) தேடிப்போகும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதற்குக் குப்புறப் படுக்கவேண்டும். மூச்சு வாங்குபவருக்கும் கழுத்தில் கத்தீட்டர் உள்ளவருக்கும் அது முடியாது. நம் இலக்கு நடை என்பதால், அது இல்லாமலே தொடங்கலாம்.

எஸ்.டி. 36: முழங்காலைச் சற்று மடக்கி, சிப்பியின் கீழ் விளிம்பிலிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் கீழே வாருங்கள். உங்கள் கை அகலத்தை வைத்து அளக்காதீர்கள், மெலிந்தவரிடம் இடம் தவறிப்போகும். அங்கிருந்து முன்னெலும்பின் கூரான விளிம்பைத் தடவிக் கண்டு, ஒரு விரல் அகலம் வெளிப்புறமாக நகருங்கள். பாதத்தை மேல்நோக்கி இழுக்கச் சொன்னால் விரலுக்கடியில் தசை எழும்; அதுதான் இடம். தசை கரைந்தவரிடம் வழக்கமான ஆழத்துக்குப் போகாமல் 10 முதல் 15 மி.மீ.யில் நிறுத்துங்கள்.

ஜி.பி. 34: முழங்காலுக்கு வெளிப்புறம் சிறிதாகப் புடைத்திருக்கும் எலும்புத் தலைக்கு முன்னும் கீழுமாக உள்ள குழிவு. அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. மெலிந்தவரிடம் அது தோலுக்கு மிக அருகில் இருக்கும். பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கிறது என்றால் உடனே ஊசியை வெளியே எடுங்கள். அந்தப் பக்கம் அன்றைக்கு விட்டுவிடலாம்.

எஸ்.பி. 6: உள் கணுக்கால் முனையிலிருந்து நான்கு விரல் மேலே, முன்னெலும்பின் பின் விளிம்பை ஒட்டி. குத்துமுன் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. அந்த இடத்தில் ஊசி வேண்டாம். வீங்கிய தோலில் குத்திய துளை வழியே நீர் கசியும், தொற்றும் வரும்.

எஸ்.டி. 34, எஸ்.பி. 10: சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து மூன்று விரல் உயரத்தில், முறையே வெளிப்புறமும் உட்புறமும். எழுந்து நிற்க உதவும் தொடைத்தசை இங்கே இருப்பதால் இவற்றைச் சேர்க்கிறேன். தொடையில் கிராஃப்ட் உள்ள பக்கத்தில் தவிர்க்கவேண்டும்.

கணுக்காலுக்குப் பின்னுள்ள கே.ஐ. 3ஐப் புதியவர்கள் விட்டுவிடலாம். தமனி அருகிலேயே ஓடுகிறது. நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவரின் தமனிச் சுவர்களில் சுண்ணம் படிந்திருப்பதும் வழக்கம்.

முதல் அமர்வில் நான்கு ஊசிகள் போதும். அடுத்தடுத்து எட்டு வரை போகலாம்.

8. குத்துதல், வைத்திருத்தல், எடுத்தல்

முதுகுச் சாய்வை 30 பாகை அளவுக்கு உயர்த்திப் படுக்கவையுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பவரை மருத்துவரிடம் அனுப்பவேண்டும். நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம்.

தோலைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் குத்துங்கள். கனமாக, மந்தமாக ஓர் உணர்வு வந்தால் போதும். அதைப் பெரிதாக்க முன்னும் பின்னும் இழுத்துத் திருகாதீர்கள். ஒவ்வொரு திருகலும் சிறு நாளங்களைக் கிழிக்கிறது. நரம்பு பாதிப்பு உள்ளவருக்கு அந்த உணர்வு வராமலே போகலாம். வரும்வரை ஆழமாகப் போவது பெரும் பிழை.

20 முதல் 25 நிமிடம் வைத்திருங்கள். அறையைவிட்டு வெளியே போகாதீர்கள். வியர்வை, கொட்டாவி, குமட்டல், முகம் வெளுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லா ஊசிகளையும் எடுத்து, கால்களை உயர்த்துங்கள்.

எடுக்கும் முறையில்தான் அதிகமான ரத்தக்கட்டுகள் உண்டாகின்றன. ஒரு கையால் ஊசியை எடுத்து, மறு கையால் அதே நொடியில் காஸ் துணியை வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் அழுத்தவேண்டும். தேய்க்கக்கூடாது. துணியில் சிவப்புத் தெரிந்தால் மூன்று நிமிடம். புதியவர்கள் எட்டு ஊசிகளையும் அடுத்தடுத்து உருவிவிட்டு, பிறகு எங்கே கசிகிறது என்று தேடுகிறார்கள். மேலே ஒரு பொட்டுக்கூடத் தெரியாமல் தோலுக்கடியில் பரவும் ரத்தம் மறுநாள் உள்ளங்கை அளவுக்கு நீலமாக நிற்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உள்ளே போன எண்ணும் பெட்டியில் விழுந்த எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

“இன்று நிறைய தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்லி அனுப்புவது அக்குபஞ்சர் அறைகளில் பழகிப்போன வாசகம். சிறுநீர் வராத மனிதரிடம் அதைச் சொல்லவே கூடாது. அவருக்கென்று குறித்த நீர் அளவு அன்றைக்கும் அதேதான். மூலிகைப் பொடி, கஷாயம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். பொட்டாசியம் ஏறலாம், அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட மூலிகைகள் சிறுநீரகத்தையே அழித்த வரலாறு உண்டு.

9. ஊசிக்குப் பின் அசைவு

ஐந்து நிமிடம் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்காரட்டும். ரத்த அழுத்தத்தை மீண்டும் பாருங்கள். அது நிலையாக இருந்தால் அன்றைய பயிற்சியை உடனே தொடங்குங்கள். வலி தணிந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தை ஓய்வில் கழித்துவிடக்கூடாது.

நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்தல், ஒரு நிமிட ஓய்வு, மறுபடியும் ஐந்து. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குதல் பத்து. பிறகு பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் ஐந்து நிமிட நடை. ஒவ்வொரு வாரமும் சிறிது கூட்டலாம். சிரமத்தின் அளவை நாடித்துடிப்பால் கணிக்காதீர்கள். இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குத் துடிப்பு ஏறாது. பத்துக்கு எவ்வளவு சிரமம் என்று கேட்டு, மூன்று நான்கில் நிறுத்துங்கள்.

குதித்தல், திடீரென உட்கார்ந்தெழுதல் வேண்டாம். பாராதைராய்டு சுரப்பு நெடுங்காலம் கூடியிருந்தவர்களின் தொடைத் தசைநாண் திடீர் விசையில் அறுந்துபோவதுண்டு.

பயிற்சி செய்பவருக்குப் புரதம் வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்த பழைய அறிவுரையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அவர்களை உணவியல் வல்லுநரிடம் அனுப்புங்கள்.

10. மறு அளவீடும் முடிவும்

ஆறு வாரம் முடிந்ததும், முதல் அளவீட்டின் அதே நிபந்தனைகளில் மூன்று சோதனைகளையும் செய்யுங்கள். முடிந்தால் ஊசி போட்டவர் அல்லாத ஒருவர் அளக்கட்டும். தம் உழைப்பின் பலனைத் தாமே அளப்பவரின் கை, தெரியாமலேயே நிறுத்துகடிகாரத்தைத் தாமதமாக அழுத்தும்.

இரண்டு அளவீடுகள் முன்சொன்ன எல்லைகளைத் தாண்டி, ஹீமோகுளோபினும் உலர் எடையும் மருந்தும் பெரிதாக மாறாமல் இருந்தால், வாரம் ஒன்றாகக் குறைத்து மேலும் ஆறு வாரம் தொடரலாம், பயிற்சியைக் குறைக்கக்கூடாது. எண்கள் நகரவில்லை, ஆனால் தூக்கமோ வலியோ தெளிவாகத் தேறியிருக்கிறது என்றால் அதை அப்படியே சொல்லி, தொடர்வதா என்று நோயாளியே முடிவெடுக்க விடுங்கள். எதுவும் மாறவில்லையென்றால் ஊசியை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் தொடருங்கள்.

நடைதூரம் குறைந்திருந்தால் அது வேறொன்றின் அறிகுறி. இதயம், உலர் எடை, டயாலிசிஸின் போதுமை ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் பார்க்கவேண்டியிருக்கும். அளவீட்டுத் தாளின் நகலை அன்றே சிறுநீரக மருத்துவருக்கு அனுப்புங்கள்.

11. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மாறுபவை

இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஹெப்பாரின் ரத்தத்தில் செலுத்தப்படுவதில்லை, தினமும் நடப்பதால் நாள் குறிப்பதும் எளிது. வயிற்றில் மட்டும் எந்தப் புள்ளியிலும் ஊசி கூடாது. குழாய் வெளிவரும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். வயிற்றில் திரவம் இருக்கும்போது அளந்தால் மறுமுறையும் திரவம் இருக்கும்போதே அளக்கவேண்டும். இரண்டு லிட்டர் சுமையோடு நடப்பதும் அது இல்லாமல் நடப்பதும் ஒன்றல்ல. எழுந்தமரும் பயிற்சியைத் திரவத்தை வெளியேற்றியபின் செய்தால் வயிற்றுச் சுவரின் மேல் அழுத்தம் குறையும். வெளிவரும் திரவம் கலங்கியிருந்தாலோ வயிற்று வலி இருந்தாலோ, அன்றைய அமர்வை விட்டுவிட்டு உடனே டயாலிசிஸ் பிரிவுக்கு அனுப்பவேண்டும்.